பழைய மெட்ராஸ் படம்: எந்த இடம், எந்த வருஷம்?

ரிப்பன் மாளிகை. நடுவில் கடிகாரக் கோபுரம், முன்னால் இரண்டு மாட்டு வண்டி, கீழே 'மெட்ராஸ், 1885' என்று ஒரு வரி. இப்படி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் பெரும்பாலோர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டடத்துக்கு வேலை ஆரம்பித்ததே 1909இல், திறந்தது 1913இல். அப்படியானால் 1885 எங்கிருந்து வந்திருக்கும்? ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தது 1880 முதல் 1884 வரை. கட்டடத்தின் பெயரைப் பார்த்து யாரோ வருஷத்தை ஊகித்திருக்கிறார்கள். பெயர் வைக்கப்பட்டவரின் காலமும் கட்டடத்தின் காலமும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விஷயம்.

பழைய படங்களின் அடியில் இருக்கும் குறிப்பை எழுதியவர் பெரும்பாலும் படம் எடுத்தவர் இல்லை. இந்தியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு துரை, பல வருஷம் கழித்து ஆல்பத்தில் ஒட்டும்போது ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பார். அல்லது அஞ்சலட்டை அச்சிட்ட கம்பெனி விற்பனைக்காக ஏதோ ஒன்றைப் போட்டிருக்கும். அல்லது மெட்ராஸைப் பார்த்தே இராத ஒரு நூலகப் பணியாளர் பட்டியல் தயாரிக்கும்போது எழுதியிருப்பார். விதிவிலக்கு உண்டு. மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றில் எந்த மண்டபம், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் எல்லோரும் ட்ரைப் இல்லை. அதனால் முதல் வேலை, குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பது. கடைசியில் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

படத்தைப் பார்ப்பது என்றால் நடுவில் இருக்கும் கட்டடத்தைப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது நாற்பது வருஷத்தில் மெட்ராஸில் எழுந்த பெரிய கட்டடங்களில் பாதிக்கு மேல் ஒரே குடும்பச் சாயல்: சிவப்புச் செங்கல், குமிழ் மாடம், வளைவுத் தாழ்வாரம். அந்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடங்களில் ஒரு மூலையை மட்டும் காட்டினால் சட்டக் கல்லூரியா, உயர் நீதிமன்றமா, செனட் ஹவுஸா என்று பழகிய கண்ணே தடுமாறும். படம் எடுத்தவர் அந்த நடுக் கட்டடத்தை அழகாகக் காட்டத்தான் கேமராவைத் தூக்கினார். ஓரத்தில் என்ன விழுந்தது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தூரத்தில் தெரியும் ஒரு தூண், தெருவில் ஒரு தண்டவாளம், சுவரில் ஒட்டிய போஸ்டர் என்று அவர் கவனிக்காமல் விட்டதெல்லாம் இன்று நமக்குச் சாட்சி.

உதாரணத்துக்கு, கோட்டைக்கு வடக்கே இருந்த எஸ்பிளனேடு திடலைக் காட்டும் படங்களை எடுத்துக்கொள்வோம். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதி அது. கடலிலிருந்தோ கடற்கரைச் சாலையிலிருந்தோ எடுத்த படங்களில் இந்த இடம் அடிக்கடி வரும். இதன் தேதியைச் சொல்ல நமக்குக் கிடைத்திருப்பது கலங்கரை விளக்கம். மெட்ராஸின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. 1844இல் எஸ்பிளனேடில் கிரேக்கத் தூண் மாதிரி ஒரு தனிக் கல் தூண் எழுந்தது. விளக்கு அதன் உச்சிக்குப் போனது. பிறகு உயர் நீதிமன்றம் கட்டப்பட்டு 1892இல் திறக்கப்பட்டது. அதன் உயரமான மாடத்தின் மேல் 1894இல் விளக்கை ஏற்றினார்கள். அங்கே அது 1977 வரை எரிந்தது. அந்த வருஷம் மெரினாவில் இப்போது நாம் பார்க்கும் கலங்கரை விளக்கம் வந்தது.

இனி படத்துக்கு வருவோம். தூண் மட்டும் தனியாக நிற்கிறது, பின்னால் வெட்டவெளி என்றால் அது 1844க்கும் நீதிமன்றக் கட்டட வேலை தொடங்கிய 1880களின் கடைசிக்கும் இடைப்பட்ட படம். தூணுக்குப் பக்கத்தில் சாரம் கட்டிய சுவர்கள் தெரிந்தால் சில வருஷத்துக்குள் நெருங்கிவிடலாம். மாடங்கள் முழுதாக எழுந்துவிட்டன என்றால், உயரமான மாடத்தின் உச்சியில் விளக்குக் கூண்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்; இல்லை என்றால் 1894க்கு முன். தூண் இருக்கிறதே, அப்படியானால் பழைய படம்தான் என்று அவசரப்படக் கூடாது. விளக்குப் போனாலும் தூண் போகவில்லை. இன்றும் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. வந்த தேதி மட்டும் தெரிந்தால் ஒரு பக்கக் கதவைத்தான் அடைக்க முடியும். போன தேதியும் தெரிந்தால்தான் இரண்டு பக்கமும் அடைபடும்.

இந்த இரண்டு கதவுக் கணக்கை நகரம் முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். பார்க் டவுனில் விக்டோரியா பப்ளிக் ஹால் 1880களின் இறுதியில் முடிந்தது. மூர் மார்க்கெட் 1900. ரிப்பன் மாளிகை 1913. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம். ஹாலும் மார்க்கெட்டும் தெரிகின்றன, பக்கத்தில் ரிப்பன் மாளிகைக்கான இடம் வெறுமையாக இருக்கிறது என்றால் 1900க்கும் 1909க்கும் நடுவில் என்று துணிந்து சொல்லலாம். மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை 1937இல் அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. ஸ்பென்சரின் பழைய கட்டடம் 1983 தீ விபத்தில் அழிந்தது. எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறந்தது. ஜெமினி மேம்பாலம் 1973. டிராம் 1895 முதல் 1953 வரை ஓடியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959இல் வந்தன. கண்ணகி உள்ளிட்ட தமிழறிஞர்கள், காப்பியப் பாத்திரங்களின் சிலை வரிசை 1968இல், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்தது. நடுவில் 2001 கடைசியிலிருந்து 2006 வரை கண்ணகி சிலை அங்கே இல்லை. நூறு வருஷம் கழித்து இந்த விஷயத்தை மறந்துபோன ஒருவர், கண்ணகி இல்லாத மெரினா படத்தைப் பார்த்து 1968க்கு முந்தியது என்று எழுதத்தான் போகிறார்.

கட்டடம் மட்டும் இல்லை, மணலும் தேதி சொல்லும். 1870களில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியதும் கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் துறைமுகத்தின் தென்பக்கம் தங்க ஆரம்பித்தது. மெரினா அகலமானது அப்படித்தான். அதே சமயம் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. அதனால் கோட்டைச் சுவருக்குக் கிட்டத்தில் அலை அடிக்கும் படமும், சாலையை விட்டு நெடுந்தூரம் நடந்தால்தான் தண்ணீர் வரும் படமும் ஒரே காலத்தவையாக இருக்க முடியாது. இதை வைத்து வருஷம் சொல்ல முடியாது; எந்தத் தலைமுறை என்று சொல்லலாம்.

ஒன்று படத்தில் இல்லை என்பதை வைத்து முடிவு சொல்லும்போது கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். எல்.ஐ.சி. தெரியவில்லை, ஆகவே 1959க்கு முந்தியது என்று சொல்வதற்கு முன்னால், கேமரா நின்ற இடத்திலிருந்து எல்.ஐ.சி. தெரிந்தே ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரு மரம், ஒரு சுவர் மூலை, கொஞ்சம் திரும்பிய லென்ஸ் போதும் பதினான்கு மாடியை மறைக்க. இல்லாதது சாட்சியாக வேண்டுமென்றால், அது நிற்க வேண்டிய இடம் படத்தில் திறந்த வெளியாகத் தெரிய வேண்டும்.

சிதைந்திருந்தால் பிந்தையது, முழுசாக இருந்தால் முந்தையது என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். மதுரை திருமலை நாயக்கர் மகாலை ட்ரைப் படம் எடுத்தபோது அது பாதி இடிந்து கிடந்தது. பிறகு 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில், கட்டடக் கலைஞர் சிஷோமின் துணையோடு அதைச் சீரமைத்தார்கள். ஆகவே பளிச்சென்று தெரியும் மகால்தான் பிந்தைய படம். ஸ்ரீரங்கம் இன்னும் நல்ல உதாரணம். தெற்கு ராஜகோபுரம் பல தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் அது முழுமையானது 1987இல்தான். ஸ்ரீரங்கத்தின் தெற்கு வாசலில் மொட்டையாக நிற்கும் கல் அடித்தளத்தைப் பார்த்து, படையெடுப்பில் இடிந்தது போல என்று எழுதினால் தப்பு. அது இடிந்த கோபுரம் இல்லை, கட்டி முடிக்காத கோபுரம்.

கோயில் படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய படங்களில் பெரும்பங்கு அவைதான். கோபுரத்தை அடையாளம் காண மேலே பார்ப்பது வழக்கம். நிலைகளை எண்ணுவது சரி. கலசத்தை எண்ணுவதும் சரி, நிலை எத்தனையோ பெரும்பாலும் கலசமும் அத்தனை. ஆனால் மேலே இருக்கும் சுதைச் சிற்பத்தை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் பிடித்த சிற்பத்தை, நம்பக் கூடாது. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கு முன்னாலும் திருப்பணியில் சுதை உதிர்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். 1900இல் நின்ற துவாரபாலகர் கையும் இன்றைக்கு நிற்பவர் கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கீழே கல் பாகத்தைப் பார்க்க வேண்டும்: வாசலின் இருபுறமும் எத்தனை அரைத்தூண், சுவரில் சிலை வைக்கும் மாடமான கோஷ்டம் எங்கே இருக்கிறது, கல்லில் விரிசல் எங்கே ஓடுகிறது. விரிசல் கைரேகை மாதிரி. பூச்சு வேலை செய்து மறைத்தாலொழிய மாறாது. மயிலாப்பூர்க் குளக்கரைப் படங்களில் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் தெரிகிறதா என்பதும் ஒரு சோதனை. அது 1906இல் எழுந்தது. குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால், குளத்தைத் தாண்டிப் பின்னணியில் கோபுரம் எழும்பி நிற்க வேண்டும்.

திசை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நம் ஊர்களில் திசை சொல்லக் கட்டடங்களே உதவும். கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. பழைய ஆங்கிலிகன் தேவாலயங்களில் பலிபீடம் பொதுவாகக் கிழக்கில், அதனால் முகப்பு மேற்கில். மசூதியில் தொழுகைத் திசை இங்கிருந்து மேற்கு. மெட்ராஸில் கடலும் கிழக்கு. மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ் போன்ற கடற்கரைக் கட்டடங்களின் கடல் பக்க முகப்பில் வெயில் நேராக விழுந்தால் காலை. அந்த முகப்பு நிழலில் இருந்து, பின்பக்கம் ஒளி பட்டால் சாயங்காலம்.

நிழலை வைத்துத் திசை பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். நடுப்பகலில் நிழல் வடக்கே விழும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே விழும். மதுரை இன்னும் தெற்கே என்பதால் அங்கே இந்தக் காலம் இன்னும் நீளம். ஆகவே வடக்குச் சுவரில் உச்சி வெயில் பட்டிருந்தால் திசையைத் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று பதற வேண்டாம். கோடைக்காலப் படமாக இருக்கலாம், அதுவே மாதத்தைக் குறுக்கும் ஒரு தடயம்.

சில படங்களில் எதுவுமே பொருந்தாது. கட்டடம் தெரிகிறது, தெரு தெரிகிறது, ஆனால் வலது இடதாக இருக்கிறது. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருப்பார்கள். சமச்சீரான கட்டடம் என்றால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கடைப் பலகையில் எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். கடிகாரம் இருந்தால் முள்ளைப் பார்த்து ஊகிக்கலாம். எழுத்தும் கடிகாரமும் இல்லாத கோயில் படத்தில் ஆட்களைப் பாருங்கள்: குருக்களோ பட்டரோ நின்றால் பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் வலது தோளில் கிடந்தால், ஒன்று அங்கே பித்ரு காரியம் நடக்கிறது, இல்லாவிட்டால் நெகட்டிவ் திரும்பியிருக்கிறது. தெருவில் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதும் உதவும், மாட்டு வண்டிக்காரர் விதியை மதித்திருந்தால்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிப் படங்களுக்கு வந்தால் கட்டடத்தை விட்டுவிட்டுச் சுவரைப் படிக்கலாம். தமிழ்நாட்டுச் சுவர் மாதிரி தேதி போட்ட சாட்சி வேறு கிடையாது. இரட்டைக் காளை வரைந்திருந்தால் காங்கிரஸ் 1969இல் பிளவுபடுவதற்கு முந்தைய காலம். பசுவும் கன்றும் 1971 தேர்தலிலிருந்து சில வருஷம். கை சின்னம் 1978க்குப் பிறகு. உதயசூரியன் 1950களின் இறுதியிலிருந்து. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதல் முதலாக வந்தது. சினிமா போஸ்டர் இருந்தால் இன்னும் வசதி, வெளியான வருஷத்தைத் தேடிவிடலாம். பழைய படத்தை மறுபடி ஓட்டும் தியேட்டர்கள் நிறைய இருந்தன என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பஸ்ஸில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்றிருந்தால் 1972க்குப் பிறகு. வண்டி எண் டி.என். என்ற எழுத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் 1980களின் கடைசிக்குப் பிறகு.

பலகையில் இருக்கும் தமிழ் எழுத்தே ஒரு தடயம். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதுவரை லை, ளை, னை, ணை ஆகியவற்றில் எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதினோம். ணா, றா, னா மூன்றும் சுழித்து வரும். பலகையில் 'சாலை' என்பது தும்பிக்கையோடு இருந்தால் அநேகமாக 1978க்கு முந்தையது. பழைய கை பழகிய ஓவியர் அதற்கப்புறமும் சில வருஷம் அப்படியே எழுதியிருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: பெரியாரின் விடுதலை 1930களிலேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஆகவே அதைப் பின்பற்றியவர்களின் பலகையில் புது எழுத்து முன்னாலேயே வரும்.

இன்னும் பின்னால், 19ஆம் நூற்றாண்டுக்குப் போனால் கேமராவின் குணம் தெரிந்திருக்க வேண்டும். படம் பதியும் அந்தக் காலக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்புத் தெரியாது. அதனால் வானம் வெள்ளைத் தாள் மாதிரி வெறுமையாக இருக்கும், செங்கல் கட்டடம் கரி பூசியது போல இருக்கும். படத்தை வைத்துக்கொண்டு அப்போது கட்டடத்துக்குக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள் என்று எழுதுவது இதனால் வரும் வினை. எல்லா நிறத்துக்கும் இசையும் தகடுகள் 1906 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தன. வெறிச்சோடிய தெருவும் அப்படித்தான். சைனா பஜார் தெரு காலி என்றால் அன்று கடையடைப்பு என்று அர்த்தம் இல்லை. லென்ஸ் பல வினாடி திறந்திருக்கும், நடந்துபோனவர்கள் பதியவே மாட்டார்கள். நின்றவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், பாதி நின்றவர்கள் புகையாகத் தெரிவார்கள். தெருவில் கூட்டம் நடந்தபடியே தெளிவாக உறைந்து நின்றால் சட்டென்று படம் பதியும் உலர் தகடு பரவிய 1880களுக்குப் பிறகு என்று கொள்ளலாம்.

அஞ்சலட்டைகள் தனி உலகம். வீலே அண்டு கிளைன் ஸ்டுடியோவும் ஹிக்கின்பாதம்ஸும் வெளியிட்ட மெட்ராஸ் அட்டைகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் புழங்குகின்றன. பின்பக்கம் முழுக்க முகவரிக்கு என்று இருந்து, சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் மிகப் பழையது. பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902இல் வந்து மற்ற நாடுகளுக்கும் பரவியது. தபால்தலையில் ஏழாம் எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்று பார்ப்பார்கள். அது அட்டை அனுப்பிய காலத்தைத்தான் சொல்லும். படம் அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் எடுத்ததாக இருக்கலாம், நன்றாக விற்கும் படத்தை எவரும் மாற்ற மாட்டார்கள். வண்ண அட்டை என்றால் வண்ணத்தை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் தோன்றிய நிறத்தைப் பூசியது அது. மின்கம்பியை அழிப்பதும் மேகம் சேர்ப்பதும் சர்வ சாதாரணம். மேகம் சேர்க்கும் வழக்கம் அச்சகத்தோடு நிற்கவில்லை, ட்ரைப்பே தன் நெகட்டிவ்களில் மேகத்தையும் மர இலைகளையும் தூரிகையால் திருத்தியிருக்கிறார்.

இப்போது அந்தத் தூரிகையைக் கணினி வாங்கிக்கொண்டது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு கூர்மையாக்கும்போது, மங்கலில் இல்லாததை அது இட்டு நிரப்புகிறது. கடைப் பலகையில் எழுத்து மாதிரி ஏதோ வரும், எழுத்துக் கூட்டிப் பார்த்தால் எந்த மொழியும் இல்லை. ஜன்னல்களின் எண்ணிக்கை மாறும். முழுக்க முழுக்கப் புனைந்த 'பழைய மெட்ராஸ்' படங்களும் சுற்றுகின்றன. அவற்றில் கோபுரம் எந்தக் கோயிலுடையதும் இல்லை, நிலைகள் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சேராது. படத்தை ஆராய்வதற்கு முன் படத்தால் தேடும் வசதியைப் பயன்படுத்தி, கிடைப்பதில் மிகப் பழைய, கை படாத பிரதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓரம் வெட்டாத பிரதியாக இருந்தால் இன்னும் நல்லது. முன்னமே சொன்ன காரணம்தான், நமக்கு வேண்டியது ஓரத்தில் இருக்கும்.

எந்தக் கட்டடம் என்று தெரிந்த பிறகு, கேமரா எங்கே நின்றது என்பதையும் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் உறுதியாகும். வழி எளிது. படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு பொருளும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளும் ஒன்றின் மேல் ஒன்று படும் இடத்தைத் தேடுங்கள்: கிட்டத்துத் தூணின் இடது விளிம்பும் தூரத்துக் கோபுரத்தின் கலசமும் நேர்கோட்டில் வருகின்றன என்று வைப்போம். இன்று அந்தக் கோட்டில் நடந்தால் எங்கிருந்து பார்த்தாலும் அவை சேர்ந்தே தெரியும்; ஒரு அடி விலகினாலும் பிரியும். இப்படி இன்னொரு ஜோடியும் கிடைத்தால் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் முக்காலி நின்றது. அந்த இடம் இன்று ஒரு வங்கியின் மூன்றாம் மாடியாகக்கூட இருக்கலாம். திருச்சி மலைக்கோட்டை, மதுரை யானைமலை, பரங்கிமலை போல ஒரு குன்று பின்னணியில் இருந்தால் அதிர்ஷ்டம், கட்டடம் எல்லாம் போனாலும் குன்றின் விளிம்புக் கோடு இருக்கும். குவாரிக்காரர்கள் விட்டுவைத்திருந்தால்.

தேடும்போது பெயர்களில் இடறுவோம். வெளிநாட்டு ஆவணப் பட்டியல்களில் காஞ்சிபுரம் என்று தட்டினால் ஒன்றும் வராது, கான்ஜீவரம் என்று தட்ட வேண்டும். மாமல்லபுரம் 'செவன் பகோடாஸ்' என்ற தலைப்பில் கிடக்கும். 'மதுரா' என்று இருந்தால் நம் மதுரை. வடக்கே இருக்கும் மதுராவை ஆங்கிலேயர் 'முத்ரா' என்று எழுதினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஜார்ஜ் டவுனுக்கு பிளாக் டவுன் என்று பெயர். ராஜாஜி சாலையை நார்த் பீச் ரோடு என்றும், என்.எஸ்.சி. போஸ் சாலையை சைனா பஜார் என்றும், பிரகாசம் சாலையை பிராட்வே என்றும் தேட வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ட்ரைப் படங்களோடு, 1850களின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் ஃபீபிக் எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய மெட்ராஸ் படங்களும் உள்ளன. கோயில்களுக்கு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்; 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், ஊர்ப் பெயரோடு. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. கடைப் பெயர் ஒன்று படத்தில் படிக்கக் கிடைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ பழைய விலாசப் புத்தகங்களைப் புரட்டலாம். அந்தக் காலத்து வருடாந்தரக் கையேடான அசைலம் பிரஸ் அல்மனாக்கில் கம்பெனிகளின் பெயரும் தெருவும் வருஷா வருஷம் வரும். ஒரு கடை எந்த வருஷப் பதிப்பில் தோன்றி எந்தப் பதிப்பில் காணாமல் போகிறது என்பதே படத்துக்கு இரண்டு பக்க வேலி.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள். அவர்களிடம் போய் 'இது எந்த இடம்?' என்று கேட்டால் அரை நிமிஷத்தில் ஒரு பதில் வரும். அதை நாமே தலையாட்டி உறுதி செய்துவிடுவோம். அதற்குப் பதிலாகக் குறிப்பை மறைத்துவிட்டுப் படத்தைக் கையில் கொடுத்து, 'இதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு, இந்த வழியா எங்க போவீங்க?' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். பஸ் எங்கே நின்றது, தண்ணீர்ப் பந்தல் எங்கே, யார் வீட்டு வேப்பமரம் என்று வரும். அதில் இரண்டு விஷயம் படத்தின் ஓரத்தில் இருப்பதோடு ஒத்துப்போனால் அவர் சொல்லும் இடத்தை நம்பலாம். வருஷத்தை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

எல்லாம் முடிந்து எழுதும்போது 'மெட்ராஸ், 1905' என்று ஒரு எண்ணைப் போட்டுவிடக் கூடாது. 'ஹாலும் மூர் மார்க்கெட்டும் உண்டு, ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் காலி. 1900க்குப் பின், 1909க்கு முன். மேற்கு நோக்கி எடுத்தது' என்று காரணத்தோடு எழுத வேண்டும். நாளைக்கு வேறொருவருக்கு நல்ல பிரதி ஒன்று கிடைத்தால் எந்தக் காரணம் நிற்கிறது, எது விழுகிறது என்று அவர் பார்த்துக்கொள்வார். அசல் படத்தின் பின்னால் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும்.